பஞ்சு வைத்த காது

ஐயம்பெருமாள் பிள்ளையைப் பற்றி அந்த ஊரில் யாரிடம் விசாரித்தாலும் முதலில் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு எல்லாரு சங்கதியும் தெரியும்வே" என்பார்கள். அப்படி என்ன சங்கதி என்று கேட்டால் பேச்சை மழைக்கோ மாட்டுக்கோ மாற்றிவிடுவார்கள்.

முக்கூடலிலிருந்து ஆற்றோடு இறங்கி வந்தால் இரண்டு கரையிலும் வயலும் தென்னையுமாக வரும் ஊர்களில் அது ஒன்று. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். சண்டைக்கு வருவதற்கு அவர்களுக்கு நல்ல காரணம் தேவைப்படுவதில்லை.

ஊரின் மேலக்கடைசியில் ஒரு தர்மாஸ்பத்திரி இருந்தது. ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், தூக்கவும் கழுவவும் இரண்டு ஆட்கள். கம்பவுண்டர்தான் ஐயம்பெருமாள். ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த சைவக் குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பே பங்காளி வழக்கில் கரைந்து வக்கீல்மார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மிஞ்சியது ஒரு வீடும், நெற்றி நிறைய விபூதியும், யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் யார் கையில் குடிக்கக்கூடாது என்கிற சட்டமும்தான்.

பிழைப்பு வேண்டுமே என்று அவர் ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த அன்றைக்கே அக்காள் பார்வதியம்மாள் அவருடைய சாப்பாட்டு இலையைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டாள். கண்ட சாதிக்காரன் ரத்தத்திலும் கை வைக்கிறவனை அடுக்களைப் பக்கம் விட முடியாது என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட இல்லை. அவர் மனைவி பிரம்மநாயகி இருந்தவரை பின்கட்டிலாவது ஒரு பேச்சுத்துணை இருந்தது. கல்யாணமாகி மறுவருஷமே அவளைக் காலரா கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு ஐயம்பெருமாள் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பக்கத்தில் மனிதர்களுக்கு எலும்பு ஒடிவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பனையேறுகிறவன் மட்டை நழுவி விழுவான். கிணறு தோண்டுகிறவன் மேல் பாறை சரியும். தை மாதம் வந்தால் வீராப்புக்காகக் காளையைப் பிடிக்கப் போய்ச் சிலர் வருவார்கள். அவர்கள் எல்லாரையும் கட்டிலோடு, கதவோடு, சில சமயம் ஏணியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஒடிந்த எலும்பை அசைக்கும்போது வரும் வலி இருக்கிறதே, அதைப் பட்டவனிடம்தான் கேட்க வேண்டும். பழைய டாக்டர் காலத்தில் நாலு பேர் நாலு பக்கம் அமுக்கிக்கொள்ள, நோயாளி வாயில் துணியைத் திணித்து, இழுத்து வைத்து மூங்கில் சிம்பால் அசையாமல் கட்டுவார்கள். அந்த அலறல் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். மிளகாய் வாங்க வந்தவர்கள் வாங்காமலே திரும்பிப் போவார்களாம்.

பிறகு பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் அப்பாத்துரை வந்தார். கிறிஸ்தவ வேதக்காரர், முன்கோபி, வேலையில் கெட்டிக்காரர். அவர்தான் குளோரபாரம் என்ற மயக்கமருந்து கொடுக்கும் வேலையை ஐயம்பெருமாளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மூக்குக்கும் வாய்க்கும் மேலே ஒரு சின்னக் கம்பிக்கூடு, அதன்மேல் துணி, துணியின் மேல் சொட்டுச் சொட்டாக மருந்து. அவ்வளவுதான். ஆனால் ஒரு சொட்டு குறைந்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்து டாக்டரை அடிப்பான், கூடினால் எழுந்திருக்கவே மாட்டான். "கையப் பாக்காதேயும் பிள்ளை, மூஞ்சியப் பாக்காதேயும். மூச்சு சத்தத்தக் கேளும். சத்தம் மாறிச்சுன்னா உடனே தாடையத் தூக்கும்," என்று டாக்டர் ஓயாமல் சொல்வார். ஐயம்பெருமாள் கேட்டார். வருஷக்கணக்கில் மனிதர்களின் தலைமாட்டில் குனிந்து நின்று அவர்களுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வேலையில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல ஆளும் இல்லை. மயக்கம் தெளிந்தவன் மெல்லக் கண்ணைத் திறந்து, "எப்ப இழுத்துக் கட்டப் போறீய?" என்று கேட்பான். கட்டி முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் இவர் முகத்தைப் பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவர் பின்கட்டுச் சோற்றையும் பொறுத்துக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

மயக்கம் ஏறுகிறதா என்று பார்க்க டாக்டர்கள் நோயாளியை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வது வழக்கம். ஊர்க்காரர்களில் பலர் விரல்கள் தீர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதனால் ஐயம்பெருமாள் ஒரு புதுவழி கண்டுபிடித்தார். "உன் வீட்டு ஆளுக பேரெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லு" என்பார். ஆத்தா, ஐயா, அண்ணன், மதினி, பிள்ளைகள் என்று பெயர்கள் வரும். வரவர நாக்கு தடிக்கும், ஒரு பெயர் பாதியில் நின்றுவிடும். அப்போது டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். பெண்கள் மட்டும் புருஷன் முறை வரும்போது "அவுக" என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். பாதிமயக்கத்திலும் அந்தப் பெயர் வாயில் வராது.

பெயர்களோடு வேறு சில பேச்சும் வரும்தான். குளோரபாரம் உள்ளே போனால் சிலர் உளறுவார்கள். ஒருவன் தன் எருமையோடு சண்டை போட்டான். மீசை முறுக்கின ஒரு பெரிய மனுஷர் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று அழுதார். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக யாரையோ திட்டினார்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. மனிதர்கள் தங்கள் மனசுக்குள் மலைமலையாக ரகசியம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். திறந்து பார்த்தால் எருமையும் ரசமும்தான் இருக்கின்றன.

ஆனால் ஊருக்கு அது தெரியாதே. மயக்கத்தில் மனுஷன் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவான், தலைமாட்டில் நிற்கிற பிள்ளை அதைக் கேட்டு வைத்துக்கொள்வார் என்று ஒரு பேச்சுக் கிளம்பிற்று. குணமாகிப் போனவர்கள் அவரைத் தெருவில் கண்டால் சந்துக்குள் திரும்பினார்கள். துணிந்த ஒருவர் நேராகவே வந்து, "நான் என்னமும் சொன்னேனாவே?" என்று கேட்டார். "நீரு ஒண்ணும் சொல்லலயே" என்றார் ஐயம்பெருமாள். இவர் மறைக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய சங்கதியாக இருக்கும் என்று அந்த மனிதர் கலங்கிப்போய் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காமலே ஒதுங்கினார்கள்.

இரண்டாம் கல்யாணத்துக்கு ஒரு பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது. பெண்ணின் அப்பா வந்தார், ஐயம்பெருமாளைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. முந்தின வருஷம் தோள் நழுவி ஆஸ்பத்திரிக்கு வந்து இவர் கையில் மயங்கிப் படுத்தவர் அவர். பலகாரத்தைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். படுத்திருந்தபோது அந்த மனிதர் சொன்னதெல்லாம் கத்தரிச்செடிக்குச் சாம்பல் தூவச்சொல்லித்தான். அதை ஐயம்பெருமாள் எடுத்துச் சொல்லியிருந்தால் மட்டும் பெண் கொடுத்திருப்பாரா? கேட்டுவிட்டாரே என்று இன்னும் ஓடியிருப்பார்.

இப்படி ஊரெல்லாம் விலகிப் போனபிறகு அவரோடு பேசுகிறவன் ஒருவன்தான் மிச்சம் இருந்தான். வண்டிக்காரன் கொம்பையா. உடன்குடிக்கு வண்டி கட்டிப் போய்க் கருப்பட்டி ஏற்றி வந்து கடைகளில் இறக்குகிறவன். சொந்த வண்டி, சொந்த மாடு, பெரிய வாய். ஊரில் இருக்கிற நாளில் விடிந்ததும் மாடுகளைக் குளிப்பாட்ட ஆற்றுக்கு வருவான். ஐயம்பெருமாள் குளிக்க வருவதும் அதே நேரம், அதே துறை. முதலில் மாட்டின் கண்ணில் புண் என்று மருந்து கேட்டான். பிறகு சும்மாவே பேசினான். உடன்குடிச் சந்தையில் நடந்த சண்டை, வழியில் பார்த்த கூத்து, திருச்செந்தூர் ரஸ்தாவில் தன்னோடு பந்தயம் விட்ட குதிரைவண்டி என்று அவனிடம் சரக்குத் தீராது. கடைத்தெருவில் கண்டால் துண்டை இடுப்புக்கு இறக்கி "பிள்ளைவாள்" என்பான். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது சரிசமமாக "என்னவே" என்பான். ஆற்றுக்குள் மட்டும் கிடைத்த அந்த "வே"க்காக ஐயம்பெருமாள் மார்கழிக் குளிரிலும் ஒரு நாள் தவறாமல் குளிக்க வந்தார்.

டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்கு முடிசூட்டு விழா நடந்த வருஷத்து ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் பிற்பகல் கொம்பையா பாரவண்டியோடு வாய்க்கால் கரையில் வந்தபோது கரை இடிந்து வண்டி குடை சாய்ந்தது. கருப்பட்டிச் சிப்பங்கள் சரிந்ததில் அவன் அடியில் சிக்கினான். ஒரு கதவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். வலது தொடை நடுவில் வளைந்திருந்தது. கூடவே ஓடிவந்த அவன் பெண்டாட்டி இசக்கித்தாய் தலையில் அடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

ஐயம்பெருமாள் அவனைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவின் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஒடிந்த காலைப் பார்த்தவர்தான். இது அவருக்குத் தெரிந்த கால். டாக்டர் அபின் மருந்தை வாயில் ஊற்றினார். அது வலியின் முனையை மட்டும் மழுக்கியது. "தொடை எலும்பு. ரெண்டு நுனியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கி. மயக்கத்தக் குடும், இழுத்து நேராக்குவோம்" என்றார் டாக்டர். ஐயம்பெருமாள் கம்பிக்கூட்டை எடுத்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார். கொம்பையா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் பிள்ளைவாள். அந்த எழவு எனக்கு வேண்டாம்."

"ஏலே, மயக்கம் குடுக்காம இழுத்தா நீ தாங்க மாட்ட."

"தாங்குதேன். நாலு பேரக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லும்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. சரி, படட்டும் என்று ஆட்களைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். கொம்பையா போட்ட அலறலில் வாசலில் இருந்த இசக்கித்தாய் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். தொடைச்சதை இறுகிக் கல்லாகிவிட்டது. எலும்பு நகரவில்லை. மயக்கத்தில் சதை தளர்ந்தாலொழிய அது நகரவும் நகராது. இப்படியே விட்டால் கால் குட்டையாகி வளைந்தே ஒட்டும், அவன் இனி வண்டி ஏற முடியாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டு, ஆட்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஐயம்பெருமாள் அவன் காதருகே குனிந்தார். "என்னத்துக்குலே பயப்படுத? நான் உன்னச் சாக விட்டுருவேனா?"

"சாவுக்கு யாரு பயந்தா?" கொம்பையாவுக்கு மூச்சு வாங்கியது. "இங்கன பாரும். ஊர்ல ஒருத்தனாவது உம்ம மூஞ்சியப் பாத்துப் பேசுதானா? நான் மட்டும் ஏன் பேசுதேன்? நான் உம்ம கையில படுத்ததில்ல, அதாம். படுத்து எந்திரிச்சா நானும் அவனுகள மாதிரித்தான் ஆயிருவேன். உள்ளுக்குள்ள என்ன கிடக்குன்னு எனக்கே தெரியாது. அதை நீரு கேட்டுட்டீருன்னா, அப்புறம் நான் எப்படிவே ஆத்துக்கு வருவேன்?"

ஆஸ்பத்திரிக்குள் அவன் "வே" என்றது அதுதான் முதல் தடவை.

ஐயம்பெருமாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவன் தன் காலைக் கொடுத்துத் தம்மோடுள்ள சிநேகத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. அப்படி யாரும் அவருக்காக ஒரு விரலைக்கூட நீட்டியதில்லை. ஆனால் அந்தக் கால் இல்லாமல் இவன் எங்கே ஆற்றுக்கு வருவது? அவர் அலமாரியைத் திறந்து பஞ்சை எடுத்தார். மெழுகில் தோய்த்து உருட்டினார்.

"நான் காதை அடச்சுக்கிடுதேன். நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது. போதுமா?"

கொம்பையா அந்த வலியிலும் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தான். "சத்தியமாவா?"

"சத்தியமா."

"ஆத்து மேல சொல்லும்."

"ஆத்து மேல சத்தியம்லே."

அவர் சொன்னது பொய்ச் சத்தியம். தெரிந்தேதான் சொன்னார். காதை அடைத்துக்கொண்டு குளோரபாரம் கொடுப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதும் ஒன்றுதான். மூச்சு நின்றால் தெரியாது. தம் ஆள் என்பதற்காகத் தாமிரவருணி ஆற்றையே ஏமாற்றத் துணிந்தார்.

இரண்டு காதிலும் பஞ்சை வைத்து அமுக்கினார். கொம்பையா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு, "உங்க அக்கா மூஞ்சி பாவக்கா மாதிரி இருக்குவே" என்றான். ஐயம்பெருமாளுக்கு அது லேசாகக் கேட்டது. அக்காளைப் பற்றி அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மரம் போல நின்றார். கொம்பையாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் திரும்பி வந்தார். துணியின் மேல் சொட்டு விழத் தொடங்கியது. கொம்பையா இரண்டு தடவை இருமினான். அவன் கண் திறக்கவில்லை என்று உறுதியானதும் ஐயம்பெருமாள் காதுகளிலிருந்து பஞ்சை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கால்மாட்டில் போய் நின்றார். வீட்டு ஆட்கள் பெயரைச் சொல்லச் சொல்லி இவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? காதுதான் அடைத்திருக்கிறதே. ஆனால் அந்த வழக்கம் ஊருக்கே தெரியும். கொம்பையா தானாகவே ஆரம்பித்தான்.

"ஆத்தா," என்றான். "இசக்கி." கொஞ்சம் மூச்சு விட்டுப் பிள்ளைகளுக்கு வந்தான். "பூதத்தான்... சின்னவ..." நாக்கு தடித்தது. "மயிலை... செவலை..." அவை அவனுடைய மாடுகள். டாக்டரே சிரித்துவிட்டார். பெயர்கள் தீர்ந்துவிட்டன என்று ஐயம்பெருமாள் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டப் போனார்.

"ஐயம்பெருமாளு" என்றான் கொம்பையா.

அதற்குப் பிறகு பேச்சில்லை. நீளமான மூச்சு வந்தது.

பிள்ளைவாள் இல்லை, பிள்ளை இல்லை, வேகூட இல்லை. வெறும் ஐயம்பெருமாளு. கூடப்பிறந்தவனைச் சொல்வதுபோலச் சொன்னான். அம்மா செத்தபிறகு அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மாடுகளுக்குப் பிறகுதான் அவர் முறை வந்தது. அதனால் என்ன? ஒரு வீட்டு ஆட்கள் பெயரில் அவர் பெயரும் இருந்தது.

"பிள்ளை! மருந்து!" என்று டாக்டர் அதட்டினார். ஐயம்பெருமாள் விழித்துக்கொண்டு சொட்டை விட்டார். டாக்டர் காலை இழுத்தார். சதை இப்போது தளர்ந்து கொடுத்தது. எலும்பு வழிக்கு வந்து உட்காரும் நேரத்தில் கொம்பையாவின் மூச்சு ஒருமாதிரி கொறகொறத்துச் சட்டென்று அடங்கியது. ஐயம்பெருமாள் அந்தக் கணமே கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் தாடையை முன்னால் இழுத்தார். நாக்கு விலகியது. மூச்சு திரும்ப வந்தது. பஞ்சு காதில் இருந்திருந்தால் கொம்பையா அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பான்.

நீளச் சட்டம் வைத்துக் கட்டி முடிந்ததும் டாக்டர் சோப்புக் கையோடு திரும்பி, "உம்ம பேரயும்லா சொன்னான்," என்றார்.

"ஐயா, உங்களக் கெஞ்சிக் கேக்கேன். அவன்கிட்ட இதச் சொல்லீராதீய."

"ஏன்வே? நல்ல வார்த்தைதானே சொன்னான்?"

"நல்லதோ கெட்டதோ, நான் கேட்டேன்னு அவனுக்குத் தெரியக்கூடாது."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. அடுத்த சித்திரையில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டது. அந்தப் பெயரைக் கேட்ட இன்னொரு ஆளும் அத்தோடு ஊரில் இல்லாமல் போனார்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது கொம்பையா முதலில் காலைப் பார்க்கவில்லை. அவர் காதைத்தான் பார்த்தான். பஞ்சு மறுபடியும் ஒழுங்காக இருந்தது. ஐயம்பெருமாள் அதை மெல்ல எடுத்துக்காட்டி, "என்னலே, என்னமும் சொன்னியா?" என்று கேட்டார். கொம்பையாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

கால் ஒட்டியது. மாசக்கணக்கில் கட்டிலில் கிடந்துவிட்டு, லேசாகச் சாய்ந்து நடந்தாலும் கொம்பையா மறுபடியும் வண்டி ஏறினான். வாய் சும்மா இருக்குமா? பிள்ளைவாள் தனக்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்ட கதையை உடன்குடி வரைக்கும் கொண்டுபோனான். அதன் பலன், பிறகு கை ஒடிந்து வந்தவனும் கால் ஒடிந்து வந்தவனும் முதலில் பஞ்சைக் கேட்டான். ஐயம்பெருமாளும் ஒவ்வொருவனுக்கும் பஞ்சை உருட்டிக் காட்டி வைத்து, கண் மூடினதும் எடுத்தார். பயமில்லாமல் மயங்கினார்கள், வலியில்லாமல் எழுந்தார்கள். நல்லதுதான். ஆனால் பழைய நோயாளிகள் வேறுவிதமாக யோசித்தார்கள். இப்போது பஞ்சு வைக்கிறார் என்றால், அப்போது வைக்காமல் நம்முடையதையெல்லாம் கேட்டுத்தானே இருக்கிறார்! அதுவரை சந்துக்குள் திரும்பினவர்கள் இப்போது அவர் இருக்கிற தெருப்பக்கமே வரவில்லை. இப்படி யோசிக்க எங்கள் பக்கத்து ஆட்களால்தான் முடியும்.

கொம்பையா மட்டும் ஆற்றுக்கு வந்தான். கவலையில்லாமல் வந்தான், முன்னைவிட அதிகமாகப் பேசினான். ஐயம்பெருமாள் தலையைத் தண்ணீருக்குள் முக்கி எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயர், அவன் சொன்ன மாதிரியே, அவருக்குக் கேட்கும். சில நாள் அதைக் கேட்பதற்காகவே ஒரு முங்கு கூடப் போட்டார். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, பசியைப்போல இருந்தது. வீட்டுக்கு வந்து பின்கட்டில் இலையின் முன்னால் உட்கார்ந்தால் இன்னும் கூடும்.

சீமையில் சண்டை தொடங்கிய வருஷம் பார்வதியம்மாள் காலமானாள். இலையைப் பின்கட்டுக்கு மாற்றினவள்தான் என்றாலும், அந்த இலையில் சோறு வைத்தவளும் அவள்தான். காரியங்கள் முடிந்தன. வந்திருந்த உறவினர்கள் அவரோடு ஒரு வார்த்தை மட்டும் பேசிவிட்டு வண்டி ஏறினார்கள். மறுநாள் காலையில் அவர் துறைக்கு வந்தபோது கொம்பையா மாடுகளைக் கரையில் விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்தான். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அது பழக்கமில்லாத காரியம்.

"நேத்து உம்ம வீட்டுப் பக்கமா வண்டி ஓட்டிட்டுப் போனேன்வே," என்றான் கடைசியில். "கதவு சாத்திக் கிடந்துச்சு. எனக்கு மனசே சரியில்ல. அக்காளும் போயாச்சு. இனி உமக்குன்னு உலகத்துல ஒரு ஆளு இல்லயேவே."

ஐயம்பெருமாளுக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருக்குலே, நீதான் சொன்னே, உன் வீட்டு ஆளுகளோட சேத்து உன் வாயால என் பேரச் சொன்னே என்று கத்திவிடலாம். கத்தினால் பொய்ச் சத்தியம் வெளியே வரும். அது வரட்டும், ஆறு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாளைக் காலையில் இந்தத் துறைக்கு இவன் வரமாட்டான். தான் சொன்னதைக் கேட்ட மனுஷனின் முகத்தைப் பார்க்க முடியாமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுவான். அவனே அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

அவர் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"ஆமாலே," என்றார். "எனக்கு யாரு இருக்கா?"

கொம்பையா பரிதாபமாக உச்சுக் கொட்டினான். "அதத்தாம்வே நானும் சொல்லுதேன்" என்றான்.